கடலை மிட்டாயா? சாக்லேட்டா?

பிறந்தநாள் வந்துவிட்டால் வகுப்பில் சாக்லேட் வழங்குவது இன்று நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அதே பள்ளிகளின் வாசலில் உள்ள பெட்டிக்கடைகளில், கண்ணாடிப் பாட்டிலுக்குள் கடலை மிட்டாய் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. முன்னது பளபளக்கும் தாளுக்குள் ஒளிந்திருக்கிறது. பின்னதோ தன் கடலையை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. இவ்விரண்டில் எது நல்லது என்று மாணவியர் வினவுவதுண்டு. "கடலை மிட்டாய் ஏழைகளின் பாதாம், அது எவ்வளவு தின்றாலும் நல்லதே" என்பார் ஒரு சாரார். "சாக்லேட் தின்றால் மூளை சுறுசுறுப்படையும்" என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் கூறுவதில் எவ்வளவு உண்மை உண்டு? உணவு விஞ்ஞானத்தின் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வளரும் பெண்பிள்ளைகளின் உடல்நலம் இதில் அடங்கியிருப்பதால், பெற்றோரும் இதனைச் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

நிலக்கடலையின் கதை

நிலக்கடலை நம் மண்ணில் தோன்றிய பயிரன்று என்றால் பலர் வியப்படைவர். அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. கடல் கடந்து வணிகம் செய்த ஐரோப்பியர் வழியாக அது உலகெங்கும் பரவியது. தமிழகத்தின் வடமாவட்டங்களில் அதனை இன்றும் மணிலாக்கொட்டை என்றும், மல்லாட்டை என்றும் அழைக்கின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரான மணிலாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். நம் பக்கத்தில் வெறுமனே 'கடலை' என்றாலே போதும்.

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆற்றுப்பாசனத்தை நம்பி இங்கே முப்போகம் விளைவிக்க இயலாது. மானாவாரிக் காடுகளில் ஒரு நல்ல மழை பெய்தாலும் போதும் என்று ஏங்கி நிற்கும் உழவருக்குக் கடலை ஓர் உற்ற துணை. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. அது காய்க்கும் விதமோ இன்னும் விந்தையானது. மஞ்சள் நிறப் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. கருவுற்ற பின் அப்பூவின் அடியிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் நுழைகிறது. அவ்விழுதின் நுனியே இருளில் காயாகிறது. மேலே பூத்துக் கீழே காய்க்கும் இப்பயிரைப் பிடுங்கி, ஆய்ந்து, உலர்த்தி, உடைத்து, புடைத்தெடுக்கும் வேலையில் நம் வட்டாரத் தாய்மார்களின் கைகளே பெரிதும் உழைக்கின்றன. ஆகவே கடலை மிட்டாயைப் பற்றிப் பேசுவது நம் வீட்டைப் பற்றிப் பேசுவதாகும்.

கடலைக்குள் என்ன இருக்கிறது?

நம் நாட்டு உணவுப் பொருள்களில் உள்ள சத்துக்களை அளந்து அட்டவணைப்படுத்திய பெருமை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சாரும். அதனை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவரும் அவர்தம் தோழர்களும் தொகுத்த அட்டவணையின்படி, 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும், 40 கிராம் கொழுப்பும், 26 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. அது தரும் சக்தி சுமார் 567 கலோரி.

புரதம் என்பது உடலைக் கட்டும் செங்கல். தசை, தோல், முடி, இரத்தம் அனைத்திற்கும் அதுவே ஆதாரம். கடலையிலுள்ள கொழுப்பின் பெரும்பகுதி இதயத்திற்கு ஊறு செய்யாத செறிவுறாக் கொழுப்பு வகையைச் சேர்ந்தது. 'நியாசின்' என்னும் பி வகை உயிர்ச்சத்து கடலையில் மிகுதி. இச்சத்துக் குறைவால் வரும் நோய்க்குப் 'பெல்லக்ரா' என்று பெயர். தோல் வெடித்து, வயிறு கெட்டு, மனமும் கலங்கும் அந்நோய், தக்காணத்தில் சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழை மக்களிடம் ஏன் காணப்படுகிறது என்பதை 1960ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதியவர்களுள் டாக்டர் கோபாலனும் ஒருவர். ஒரு கைப்பிடிக் கடலையின் அருமை இதனால் விளங்கும்.

எனினும் கடலைப் புரதத்திற்கு ஒரு குறை உண்டு. புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றுள் 'லைசின்' என்னும் மணி கடலையில் குறைவு. அரிசியிலும் அது குறைவே. ஆனால் துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் லைசின் நிறைய உண்டு. பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் கலந்து சட்னி அரைக்கும் நம் தாய்மார்கள், அமினோ அமிலம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே ஒன்றின் குறையை மற்றொன்றால் நிறைவு செய்து வந்திருக்கின்றனர்!

வெல்லத்தைப் பற்றிய உண்மை

வெள்ளைச் சீனியைவிட வெல்லம் மேலானது என்பது பொதுக் கருத்து. சீனியைச் சுத்திகரிக்கும்போது நீங்கிவிடும் தாதுப்பொருள்கள் வெல்லத்தில் ஓரளவு எஞ்சி நிற்பது மெய்தான். ஆனால் எவ்வளவு? 100 கிராம் வெல்லத்தில் இரும்புச்சத்து இரண்டரை மில்லிகிராம் அளவிலும், சுண்ணாம்புச்சத்து 80 மில்லிகிராம் அளவிலும் இருக்கலாம். ஏறத்தாழ 95 கிராம் வெறும் இனிப்பே. அதன் சக்தி 383 கலோரி. சீனியின் சக்தி 398 கலோரி. பல்லைப் பொறுத்தவரையிலும், நீரிழிவு நோயாளியைப் பொறுத்தவரையிலும் வெல்லமும் சீனிக்கு உடன்பிறப்பே. "வெல்லந்தானே" என்று நீரிழிவுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கடலை மிட்டாயைத் தாராளமாகக் கொடுப்பது அன்பாகாது.

கோவில்பட்டியின் புகழ்

நமக்குத் தென்மேற்கே உள்ள கோவில்பட்டி, கடலை மிட்டாயால் நாடறிந்த ஊர். முற்காலத்தில் கருப்பட்டிப் பாகில் கடலையைச் சேர்த்து வீட்டளவில் செய்துவந்த பண்டத்தை, 1940களில் பொன்னம்பல நாடார் என்பவர் தம் மளிகைக் கடையில் செய்து விற்கத் தொடங்கினார் என்று அவ்வூரார் சொல்வர். பிறகு அது ஊர்த் தொழிலாக வளர்ந்தது. கரிசல் மண் கடலையும் தாமிரபரணித் தண்ணீருமே அதன் சுவைக்குக் காரணம் என்பது அவர்கள் பெருமிதம். 2020ஆம் ஆண்டில் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு மத்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை அப்பெயரால் விற்கக் கூடாது என்பது இதன் பொருள்.

செய்முறை எளியது. கடலையை மணலில் வறுத்து, தோல் நீக்கி, புடைத்து, இரண்டாக உடைக்க வேண்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்ச வேண்டும். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் 'டண்' என்று ஒலிக்க வேண்டும். அதுவே பதம். கடலையைக் கொட்டிக் கிளறி, சிறிது சுக்கோ ஏலமோ தூவி, பலகையில் பரப்பிச் சூட்டோடு சூடாக வெட்டிவிட வேண்டும். இதில் சேர்வது கடலை, வெல்லம், மணப்பொருள் ஆகிய மூன்றே. பெயர் தெரியாத பொருள் எதுவுமில்லை.

சாக்லேட்டின் கதை

இனிச் சாக்லேட்டின் பக்கம் திரும்புவோம். அதன் தாய்மரம் கொக்கோ. கடலையைப் போலவே அதுவும் அமெரிக்கக் கண்டத்தின் கொடை. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753இல் அதற்குத் 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். 'தெய்வங்களின் உணவு' என்பது அதன் பொருள். இன்று பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளிலும் அது ஊடுபயிராக வளர்கிறது.

தொடக்கத்தில் சாக்லேட் தின்பண்டமாக இல்லை. கசப்பான பானமாக அருந்தப்பட்டது. அப்பானம் ஐரோப்பாவுக்கு வந்தபோது திருச்சபையில் ஒரு சுவையான விவாதம் எழுந்தது. ஒருசந்தி நாளில் சாக்லேட் பானம் அருந்தலாமா? அருந்தினால் ஒருசந்தி முறியுமா? கர்தினால் பிரங்காச்சோ இதற்கென்றே ஒரு நூல் எழுதி 1664இல் உரோமையில் வெளியிட்டார். பானம் ஒருசந்தியை முறிப்பதில்லை என்பது அவர் வாதம். இன்றைய பால் சாக்லேட்டை அவர் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

1847இல் இங்கிலாந்தில் ஃபிரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியைச் செய்தது. 1875 அளவில் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் என்பவர் பாலைச் சேர்த்துப் பால் சாக்லேட்டை உருவாக்கினார். 1928இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் ஹாரி பர்னெட் ரீஸ் என்பவர், அரைத்த கடலை வெண்ணெயைச் சாக்லேட் கிண்ணத்துக்குள் அடைத்து ஒரு மிட்டாய் செய்தார். அது அந்நாட்டுப் பிள்ளைகளின் உள்ளங்கவர்ந்த பண்டமாயிற்று. நம் கடலை மிட்டாய்க்கு அது தூரத்து உறவு முறை. இரண்டிலும் உள்ளே இருப்பது நிலக்கடலையே. சுற்றியிருப்பது மட்டும் ஒன்றில் வெல்லப்பாகு, மற்றொன்றில் சாக்லேட்.

தராசில் வைத்துப் பார்ப்போம்

ஒரு சிறு துண்டு 20 கிராம் என்று கொள்வோம். கடலை மிட்டாயில் 100க்கு 60 பங்கு கடலையும் 40 பங்கு வெல்லமும் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் எண்கள் இவை. கைக்குக் கை, கடைக்குக் கடை சற்று மாறும்.

கடலை மிட்டாய்: சக்தி சுமார் 100 கலோரி, புரதம் 3 கிராம், கொழுப்பு 5 கிராம், சேர்த்த இனிப்பு 8 கிராம்.

பால் சாக்லேட்: சக்தி சுமார் 107 கலோரி, புரதம் ஒன்றரை கிராம், கொழுப்பு 6 கிராம், இனிப்பு 10 கிராம்.

கடலை வெண்ணெய் அடைத்த சாக்லேட்: சக்தி சுமார் 103 கலோரி, புரதம் 2 கிராம், கொழுப்பு 6 கிராம், இனிப்பு ஒன்பதரை கிராம்.

மாணவியரே, முதலில் கலோரிக் கணக்கைப் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றே! "சாக்லேட் தின்றால் உடல் பருக்கும், கடலை மிட்டாய் தின்றால் பருக்காது" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அளவுக்கு மிஞ்சினால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். வேறுபாடு சக்தியில் இல்லை. அச்சக்தியோடு கூடவே வரும் சத்துக்களில் இருக்கிறது. கடலை மிட்டாயில் பால் சாக்லேட்டைப் போல் இருமடங்கு புரதம். கொழுப்பின் தரத்திலும் வேறுபாடு உண்டு. இதயத்திற்கு ஆகாத செறிவுற்ற கொழுப்பு, ஒரு துண்டு கடலை மிட்டாயில் ஒரு கிராமுக்கும் குறைவு. அதே எடைப் பால் சாக்லேட்டில் மூன்றரை கிராமுக்கும் மேல். நார்ச்சத்தும் கடலையின் பக்கமே மிகுதி. பால் சேர்ந்திருப்பதால் சுண்ணாம்புச்சத்து மட்டும் சாக்லேட்டில் கூடுதல். நியாயமாகப் பேசினால் இதனையும் சொல்லியாக வேண்டும்.

மற்றொன்று, நம் வெயில். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில் உருகிவிடும். நாவில் வைத்தவுடன் சாக்லேட் கரைந்தோடும் சுகத்திற்கு அதுவே காரணம். ஆனால் காரியாபட்டியின் சித்திரை வெயிலில், புத்தகப் பைக்குள்ளேயே அது கரைந்துவிடும்! கடலை மிட்டாய்க்கு வெயில் பகையன்று. ஐப்பசி, கார்த்திகை மாதத்து ஈரக்காற்றே அதன் பகை. வெல்லம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலால் காற்றுப்புகாத டப்பாவில் வைக்காவிடில் பிசுபிசுத்துவிடும்.

கறுப்புச் சாக்லேட் என ஒன்றுண்டு. அதில் கொக்கோ மிகுதி, சர்க்கரை குறைவு. நம் பிள்ளைகள் வாங்குவது பெரும்பாலும் அதுவன்று. எதை வாங்கினாலும் உறையின் பின்புறத்தைப் படியுங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதன் பெயர் முதலில் அச்சிடப்பட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 'சர்க்கரை' என்ற சொல் முதலில் நின்றால், நீங்கள் வாங்கியது கொக்கோ மணமூட்டிய சர்க்கரையே!

இரும்புச்சத்து: ஒரு கணக்கு

இதுவரை கடலை மிட்டாய் வென்றுவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நாம் அனைவரும் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 100க்கு 53 பேர். அதாவது, ஒரு பெஞ்சில் நால்வர் அமர்ந்தால் அவர்களுள் இருவருக்கு இக்குறை இருக்கக்கூடும். இரத்தம் குறைந்த பெண் சோர்ந்து போகிறாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதல் பாடவேளையிலேயே தலை சுற்றுகிறது. படித்தது மனத்தில் பதிவதில்லை. "சோம்பேறி" என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்குகிறாள். அவள் சோம்பேறியல்லள். அவள் இரத்தத்தில் இரும்பு குறைவு, அவ்வளவே. நாளை அவள் தாயாகும்போது இக்குறை அவளையும் குழந்தையையும் ஆபத்துக்குள்ளாக்கும்.

"கடலையில் இரும்பு, வெல்லத்தில் இரும்பு, ஆகவே கடலை மிட்டாய் தின்றால் இரத்தம் ஊறும்" என்பது பலரின் நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 100 கிராம் கடலையிலும் 100 கிராம் வெல்லத்திலும் உள்ள இரும்பு தலா இரண்டரை மில்லிகிராம் அளவே. அப்படியானால் 20 கிராம் மிட்டாயில் கிடைப்பது அரை மில்லிகிராம். 13 முதல் 15 வயதுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பு 30 மில்லிகிராம் என்று 2020இல் நம் ஆராய்ச்சியாளர்கள் வகுத்திருக்கின்றனர். அதை மிட்டாயினால் மட்டும் பெற வேண்டுமானால் 60 துண்டுகள் தின்ன வேண்டும்! 60 துண்டுகளின் சக்தி 6,000 கலோரி. அவ்வயதுப் பெண்ணுக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது சுமார் 2,400 கலோரிதான். ஆகவே மிட்டாயால் இரத்தம் ஊறும் என்பது கணக்கில் நிற்காத பேச்சு.

கறுப்புச் சாக்லேட்டில் இரும்பு இதைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் தாவரப் பொருள்களிலுள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. கொக்கோவிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும், கடலையிலும் தானியங்களிலும் உள்ள 'பைட்டேட்' என்னும் பொருளும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதற்கு மாற்று உயிர்ச்சத்து 'சி'. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாத்துண்டு, சோற்றின்மீது பிழிந்த எலுமிச்சைச் சாறு ஆகியவை தாவர இரும்பைக் குடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதனைக் கெடுக்கும். இவ்வொரு பழக்கத்தை மாற்றினாலே பயன் உண்டு. செலவு ஏதுமில்லை.

நம் வட்டாரத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. கம்பங்கூழ், கீரை வகைகள், பயறு வகைகள், முட்டை, மீன், கருவாடு, ஆட்டு ஈரல் என எளிய வழிகள் பல. அசைவத்திலுள்ள இரும்பு விரைவில் உடலில் சேரும். இவற்றோடு, பள்ளி மாணவியருக்கு வாரம் ஒரு நீலநிற இரும்புச்சத்து மாத்திரையும், குடற்புழு நீக்கும் மாத்திரையும் வழங்க அரசு திட்டம் வகுத்துள்ளது. வயிற்றைப் பிரட்டுகிறது என்று அம்மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறிவாரும் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் பிரட்டத்தான் செய்யும். உணவுக்குப் பின் விழுங்கினால் பெரும்பாலும் தொல்லை இராது. மலம் கருநிறமாவது கண்டு அஞ்சவும் வேண்டாம். ஆயிரம் மிட்டாய்கள் செய்ய இயலாததை அச்சிறு மாத்திரை செய்யும்.

மிட்டாய் காலை உணவாகுமா?

பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவைத் துறந்துவிட்டு, இடைவேளையில் ஒரு மிட்டாயுடன் பசியை அடக்கும் வழக்கம் மாணவியரிடையே பரவலாக உள்ளது. 16 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் தேவை. கடலை மிட்டாய்த் துண்டு தருவது 3 கிராம். பால் சாக்லேட் தருவது ஒன்றரை. இனிப்பு சிறிது நேரம் பசியை மறைக்கும். பிறகு முன்னிலும் சோர்வு தோன்றும்.

பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை உணர்ந்துதான் விருதுநகர் தந்த பெருந்தலைவர் காமராஜர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. அரசே இத்துணை அக்கறை கொள்ளும்போது, உயர்நிலைப் பள்ளிப் பெண் தானாகவே காலை உணவைக் கைவிடுவது முறையாகுமா? பழைய சோறும் கடலைத் துவையலும், அல்லது இரண்டு இட்லியும் சாம்பாரும் போதும். நேரமே இல்லையெனில் ஒரு கைப்பிடி அவித்த கடலையும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளலாம்.

கடலை உயிர் காத்த கதை

கடலையைக் குறைத்துப் பேசிவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம். முறைப்படி பயன்படுத்தினால் அது உயிரையே காக்கும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், கடலைப் பிண்ணாக்கு மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் சேர்த்து, உயிர்ச்சத்துக்களும் சுண்ணாம்புச்சத்தும் கலந்து ஒரு பல்நோக்கு உணவைத் தயாரித்தது. நம் தாய்மார்களின் சட்னித் தத்துவமே அது!

1996இல் பிரான்சு நாட்டுக் குழந்தைநல மருத்துவர் ஆந்த்ரே பிரியான், பட்டினியால் உருக்குலைந்த குழந்தைகளுக்காக ஓர் உணவைத் தேடினார். பால்மாவைக் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும். பஞ்சப் பகுதியில் அது ஏது? ரொட்டியில் தடவும் சாக்லேட் பசையைக் கண்டபோது அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. கடலை விழுது, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துக்கள், தாதுக்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பசை தயாரானது. 'பிளம்பி நட்' என்பது அதன் பெயர். 92 கிராம் பொட்டலம் ஒன்று 500 கலோரி தரும். தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், தாயே தன் வீட்டில் ஊட்டலாம். ஆப்பிரிக்கப் பஞ்சங்களில் எண்ணற்ற குழந்தைகள் அதனால் பிழைத்தனர். அதிலும் ஒரு பாடம் உண்டு. கடலை தனித்து நின்று அவ்வேலையைச் செய்யவில்லை. பாலும் இரும்பும் உயிர்ச்சத்துக்களும் அளவறிந்து அதனோடு சேர்ந்தன.

சில எச்சரிக்கைகள்

ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சணம் பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கிலிருந்த பூஞ்சண நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்நஞ்சின் பெயர் 'அஃப்ளடாக்சின்'. அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் முற்றிலும் அழியாது. ஆகவே சுருங்கிய, கறுத்த, கசக்கும் கடலையை ஒதுக்கிவிட வேண்டும். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுக. காறல் வாடை அடிக்கும் மிட்டாயையும் தின்னலாகாது.

சிலருக்குக் கடலை ஒவ்வாது. உடல் தடித்து, மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பிறந்தநாளில் மிட்டாய் வழங்குவோர் இதைக் கேட்டறிந்து வழங்குதல் நன்று. ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கையருக்கு முழுக் கடலையோ கெட்டி மிட்டாயோ கொடுக்கலாகாது. மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். இனிப்பு எதுவாயினும் தின்றபின் வாய் கொப்பளிக்க வேண்டும். பல்லில் ஒட்டுவதில் வெல்லப்பாகு எதற்கும் சளைத்ததன்று.

முடிவுரை

கடலை மிட்டாயா, சாக்லேட்டா என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டோம். தின்பண்டம் என்ற வரிசையில் கடலை மிட்டாய்க்கே முதலிடம். புரதம் கூடுதல், கொழுப்பின் தரம் மேல், சேரும் பொருள்கள் அனைத்தும் நாம் அறிந்தவை. நம் காட்டில் உழைத்தவர் வீட்டுக்கே அதன் காசு திரும்புகிறது. என்றேனும் ஒரு நாள் சாக்லேட் தின்பதும் பாவமன்று. ஆனால் இரண்டுமே தின்பண்டங்கள். அவை உணவாகா, மருந்துமாகா.

அன்புப் பெற்றோரே! மகனுக்கு முட்டையும் மகளுக்கு மிச்சக் குழம்பும் என்ற வேறுபாடு எந்த வீட்டிலும் இருத்தல் ஆகாது. இரும்புச்சத்து உங்கள் மகளுக்கே அதிகம் தேவை. அவளுடைய கண்ணின் கீழிமையைச் சற்று இறக்கிப் பாருங்கள். சிவப்பு மாறி வெளுத்திருந்தால் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது.

அன்பு மாணவியரே! தவக்காலத்தில் இனிப்பை ஒறுத்து, அந்தக் காசை ஏழைகளுக்கு அளிக்கும் நல்வழக்கம் நம்மிடையே உண்டு. இனிப்பை ஒறுங்கள், காலை உணவை ஒறுக்க வேண்டாம். அடுத்த பிறந்தநாளுக்குச் சாக்லேட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு கடலை மிட்டாயும் ஒரு நெல்லிக்காயும் வழங்கிப் பாருங்கள். முதல் நாள் தோழியர் சிரிக்கலாம். நெல்லிக்காய் தின்ற வாயில் தண்ணீர் பட்டதும் இனிக்கும் அல்லவா? அப்போது அவர்களும் உங்களோடு சேர்ந்துகொள்வர்.